தட்டுப்பாடு எங்கே இருக்கிறது? மேலூரிலிருந்து படிக்கும் செயல்பாட்டு மேலாண்மை

மேலூரிலிருந்து காலைப் பேருந்தில் மதுரைக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளில் எம்.பி.ஏ. மாணவர்களும் உண்டு. அவர்களுக்குச் செயல்பாட்டு மேலாண்மை தவிர்க்க முடியாத பாடம். ஒரு நிறுவனம் தன் பொருளையோ சேவையையோ எந்த வரிசையில், எத்தனை ஆட்களைக் கொண்டு, எவ்வளவு நேரத்தில் கொடுத்து முடிக்கிறது, அதில் எங்கே தேங்குகிறது என்று பார்க்கும் துறை அது. பாடப்புத்தகத்தைத் திறந்தால் ஃபோர்டு வரும், டொயோட்டா வரும், அமெரிக்க விமான நிறுவனங்கள் வரும். மாணவர்களும் சூத்திரங்களை உருப்போட்டுத் தேர்வு எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தப் பேருந்து போய் நிற்கும் மாட்டுத்தாவணிக்குச் சற்றுத் தள்ளித்தான் அண்ணா நகர். அங்கே இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன் 1993-இல் ஒரு பாட ஆய்வு எழுதினார். உலகின் பல மேலாண்மைக் கல்லூரிகளில் அது இன்றும் பாடம். சி.கே. பிரகலாத் 2004-இல் ஏழைகளின் சந்தையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலிலும் அரவிந்துக்கு இடம் உண்டு. பாஸ்டனில் இருக்கும் மாணவர் மதுரையைப் படிக்கிறார். மதுரை மாணவர் டெட்ராய்ட்டைப் படிக்கிறார்.

இந்தத் துறையின் சாரத்தை மூன்று வரியில் சொல்லிவிடலாம். எது தட்டுப்பாடு என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தட்டுப்பாடான பொருளோ ஆளோ ஒரு நிமிடம்கூட வீணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக மற்றவை சும்மா நிற்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியலாளர் எலியாஹூ கோல்ட்ராட் 1984-இல் ‘தி கோல்’ என்ற நாவல் வழியாகப் பரப்பிய கருத்து இதுதான். முதல் இரண்டையும் எல்லா நிர்வாகிகளும் ஒப்புக்கொள்வார்கள். மூன்றாவதில்தான் சறுக்குவார்கள். நம் ஊரில் வேலை நேரத்தில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் மேலதிகாரிக்குப் பொறுக்காது. ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுத்தான் நகர்வார். அந்த வேலை, இடுக்கான இடத்தில் இன்னொரு மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக இருந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

அரவிந்தின் கதையை இந்தக் கண்ணோடு படிப்பது பயன் தரும். மருத்துவர் ஜி. வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் முடித்து, ராணுவத்தில் பணியாற்றியவர். முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிக் கண் மருத்துவரானார்; மதுரை அரசு மருத்துவமனையில் இருபது ஆண்டு பணிசெய்து, தம் கையால் லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். 1976-இல், 58 வயதில் அரசுப் பணி ஓய்வு. அதே ஆண்டில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். தங்கை நாச்சியார், அவருடைய கணவர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே கூட நின்றது. இந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டது; தியாகம், தொண்டு, ஆன்மிகம் என்ற சொற்களோடுதான் பெரும்பாலும் எழுதப்பட்டது. அவையெல்லாம் உண்மை. ஆனால் தொண்டு மனம் படைத்த மருத்துவர்கள் நாட்டில் பலர் இருந்தார்கள். அவர்கள் யாரும் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளும் லேசர் சிகிச்சைகளும் செய்யும் அமைப்பை எழுப்பவில்லை. மிச்ச விளக்கத்தைத் தேட வேண்டிய இடம் அறுவை அரங்கு.

அங்கே ஒரு மருத்துவருக்கு இரண்டு டேபிள். முதல் டேபிளில் புரை அறுவை நடக்கிறது. இரண்டாவது டேபிளில் அடுத்த நோயாளி கண் சுத்தம் செய்யப்பட்டு, முகம் மூடப்பட்டு, மரத்துப்போன கண்ணோடு படுத்திருக்கிறார். கருவிகளை அடுக்கிவைத்துக்கொண்டு சிஸ்டர் தயாராக இருக்கிறார். அறைக்கு வெளியே அதற்கடுத்தவர்கள் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் அறுவை முடிந்ததும் மருத்துவர் அடுத்த டேபிளுக்குத் திரும்புகிறார், நுண்ணோக்கியின் கையும் அந்தப் பக்கம் திரும்புகிறது, வேலை தொடர்கிறது. முதல் டேபிளில் இருப்பவருக்குக் கட்டுப்போட்டு இறக்கி, அடுத்தவரைப் படுக்கவைப்பது வேறு ஆட்களின் பொறுப்பு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறுவைக்கு 10 நிமிடம், ஒருவரை இறக்கி அடுத்தவரைத் தயார் செய்ய 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே டேபிள் என்றால் மணிக்கு 3 அறுவை. இரண்டு டேபிள் என்றால் 6. மருத்துவரின் கை ஒரு நொடிகூட வேகமாக ஓடவில்லை; அவர் காத்திருந்த நேரம் மட்டும் மறைந்திருக்கிறது. சரி, மூன்றாவது டேபிள் போட்டால்? ஒன்றும் கூடாது. மருத்துவரின் 60 நிமிடமும் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. மூன்றாவது டேபிளில் ஒருவர் வீணாகப் படுத்திருப்பார். எத்தனை டேபிள் போட வேண்டும் என்பதைச் செலவழிக்கக் கையில் இருக்கும் பணம் தீர்மானிப்பதில்லை, இந்த விகிதம்தான் தீர்மானிக்கிறது. இதை விளங்கிக்கொண்ட மாணவர் பாடத்தின் பாதியைக் கடந்துவிட்டார் என்பேன்.

இதில் யார் சும்மா இருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். டேபிள் சும்மா இருக்கிறது, கருவி சும்மா இருக்கிறது, சிஸ்டர் சில நிமிடம் காத்து நிற்கிறார். மலிவாகக் கிடைப்பதைக் காக்கவைத்து, கிடைக்காததை ஓடவைத்திருக்கிறார்கள். பல மருத்துவமனைகளில் நடப்பது இதற்குத் தலைகீழ்: ஒரே டேபிளை நாள் முழுதும் நிரப்பிவைத்துவிட்டு, அடுத்த நோயாளி வரும்வரை அறுவை மருத்துவர் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

டேபிள்கள் வேலையின் ஒரு பாதிதான். மருத்துவரைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத வேலை எது என்று பிரித்ததில் இருக்கிறது மறுபாதி. பதிவு செய்வது, பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, சொட்டு விடுவது, கண்ணாடி அளவு எடுப்பது, கட்டுப் பிரிப்பது ஆகிய எதற்கும் ஏழெட்டு ஆண்டு மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து இந்த வேலைகளை ஒப்படைத்தார்கள். இன்று ஊழியர்களில் பெரும்பகுதியினர் இவர்கள்தான். மருத்துவரிடம் எஞ்சியவை இரண்டு: என்ன செய்வது என்று முடிவெடுப்பது, அறுப்பது. அரவிந்தின் மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அறுவைகள் செய்கிறார் என்றால், நாட்டின் சராசரியைப் போல் அது பல மடங்கு. மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து வெங்கடசாமி வியந்தார் என்ற செய்தியும் இங்கேதான் பொருந்துகிறது. சாதாரண இளைஞர்களைப் பழக்கி, எந்த ஊரிலும் ஒரே தரத்தில் ஒன்றைத் தர முடியும் என்பதைத்தான் அவர் அங்கே கண்டார்.

அரவிந்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பெண்களின் உழைப்பை ஒரு பத்தியில் கடந்துவிடுகிறார்கள். மருத்துவரின் நிமிடத்தைச் சேமித்த கணக்கில் இவர்களுடைய நாள் முழுதும் அடங்கியிருக்கிறது. எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எத்தனை ஆண்டு நிலைக்கிறார்கள், அடுத்து எங்கே போகிறார்கள் என்ற கேள்விகள் மேலாண்மைப் பாடத்துக்கு வெளியே இருப்பவை அல்ல.

இன்னொரு ஆட்சேபம் பழையது. மனிதர்களைத் தொழிற்சாலைச் சரக்கு போல் நகர்த்தலாமா, அவசரத்தில் தரம் கெடாதா? தரத்தைப் பற்றிச் சொல்ல எண்கள் இருக்கின்றன. அரவிந்தில் நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட புரை அறுவைகளை ஆராய்ந்த கட்டுரை 2017-இல் ‘ஆப்தால்மாலஜி’ ஆய்விதழில் வெளிவந்தது. அறுவையின் முடிவில் கண்ணுக்குள் ஒரு நுண்ணுயிர்க்கொல்லியைச் செலுத்தும் முறைக்கு மாறிய பிறகு, கண்ணுக்குள் கிருமித்தொற்று ஏற்படும் விகிதம் 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்தது. பத்தாயிரத்தில் ஏழு இரண்டான கதை. இவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதற்கே லட்சக்கணக்கான அறுவைகளின் பதிவு ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரே வேலையை ஒரே முறையில் திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொன்றையும் எழுதி வைக்கிற இடத்தில்தான் தவறு கண்ணுக்குத் தெரியும். கண்ணியத்தைப் பொறுத்தவரை, இருட்டில் ஆறு மாதம் காத்திருக்கும் ஒரு கிழவியிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதே நியாயம்.

அரவிந்தின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தட்டுப்பாடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. அறுவை அரங்கில் இடுக்கு நீங்கியதும் அது வேறு பக்கம் போய் உட்கார்ந்தது. 1980-களில் புரை நீக்கிய கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைக்கும் முறை பரவியது. அதுவரை அறுவை முடிந்தவர்கள் சோடா புட்டிக் கண்ணாடியோடு வாழ்ந்தார்கள். வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை சுமார் 100 டாலர். இலவச நோயாளிக்கு அதை வைக்க எந்த அறக்கட்டளையாலும் முடியாது. இப்போது தட்டுப்பாடு மருத்துவர் அல்ல, லென்ஸ். 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கப்பட்டது. லென்ஸ் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. ஒரு மருத்துவமனை எதற்குத் தொழிற்சாலை கட்ட வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அதுவே பதில்.

லென்ஸ் வந்தது, மருத்துவர் இருக்கிறார், டேபிள் இருக்கிறது. ஆனால் நோயாளி வரவில்லை. தொடக்க கால முகாம்களில் அறுவை தேவை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் மிகச் சிலரே மருத்துவமனைக்கு வந்தார்கள். அறுவை இலவசம்தான், பேருந்துக் கட்டணம், சாப்பாடு, கூடத் துணைக்கு வருபவரின் கூலி ஆகியவை இலவசம் இல்லையே. எனவே முகாமிலிருந்தே பேருந்தில் ஏற்றிச் சென்று, சோறு போட்டு, அறுவை செய்து, ஊரில் கொண்டுவந்து விடும் ஏற்பாடு வந்தது. அதுவும் போதவில்லை. 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, தமிழக கிராமங்களில் கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கே வருகிறார்கள் என்று காட்டியது. தன் வேலை நன்றாக நடக்கிறது என்று நம்பும் ஒரு நிறுவனம் இப்படி ஓர் ஆய்வில் கைகோத்து, முடிவை வெளியிடவும் சம்மதித்தது சாதாரண விஷயம் இல்லை. முகாமை இன்னும் பெரிதாக்கும் யோசனையை விட்டு, சிறு ஊர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்தார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து தேனி வட்டாரத்தில் தொலைதூர வைஃபை இணைப்பு அமைத்து, மையத்தில் இருக்கும் நோயாளியை மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் திரையில் பார்க்கும்படி செய்தார்கள். இன்று இத்தகைய மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன. அறுவை அரங்கு, லென்ஸ், கிராமத்துச் சாலை என்று தட்டுப்பாடு நகர்ந்த வழியெல்லாம் நிர்வாகமும் பின்தொடர்ந்து போனதுதான் அரவிந்தின் நாற்பது ஐம்பது ஆண்டு வரலாறு.

இனி மேலூருக்கு வரலாம். அரவிந்துக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டு மூத்த ஒரு செயல்பாட்டு அமைப்பு அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது: பெரியாறு பிரதானக் கால்வாய். 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் இறங்கி, வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து கால்வாயில் ஓடுகிறது. 1959 முதல் இடையில் வைகை அணை தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. கள்ளந்திரி வரை உள்ள 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியின் 85,563 ஏக்கரும் திருமங்கலம் கால்வாயின் 19,439 ஏக்கரும் ஒருபோகம். சேர்த்து 1,05,002 ஏக்கர். ஒருபோகத்துக்கு நொடிக்கு 1,130 கன அடி வீதம் 120 நாள் தண்ணீர் திறப்பது வழக்கம்: முதல் 45 நாள் தொடர்ச்சியாக, அடுத்த 75 நாள் முறை வைத்து.

நொடிக்கு 1,130 கன அடி என்றால் ஒரு நாளைக்கு 9 கோடியே 76 லட்சம் கன அடி. 45 நாளுக்கு ஏறத்தாழ 4,400 மில்லியன் கன அடி. வைகை அணை 71 அடி நிரம்பி நின்றாலும் கொள்ளளவு சுமார் 6,100 மில்லியன்தான். வரத்து இல்லாவிட்டால் முதல் 45 நாளிலேயே நிறைந்த அணையின் முக்கால்வாசி போய்விடும். எனவே மீதி 75 நாளுக்கு முறைப்பாசனம் தவிர வேறு வழி இல்லை.

முறை வைப்பதில் இருக்கும் நுட்பத்தைப் பலரும் கவனிப்பதில்லை. குறைந்த தண்ணீரை எல்லா மடைக்கும் ஒரே நேரத்தில் சமமாகப் பங்கிட்டால் என்ன? கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கால்வாயில் நீர்மட்டம் தாழ்ந்தால் மேட்டு மடைகளுக்குத் தண்ணீர் ஏறாது. கிளைக் கால்வாய்களில் மெலிதாக ஓடும் நீரை மண் குடித்துவிடும். கடைமடைக்கு ஈரம்கூட வந்து சேராது. சமமாகக் கொடுத்தால் யாருக்கும் கிடைக்காது. சில கிளைகளை முழுதாக அடைத்து, சிலவற்றை நிரம்ப ஓடவிட்டு, சில நாள் கழித்து மாற்றினால்தான் எல்லாருக்கும் கிடைக்கும். டொயோட்டாவை விட்டு இறங்கி வந்து இதைப் பாடமாக நடத்தினால் மாணவர் மறக்கமாட்டார்.

இங்கேயும் அந்த மூன்றாவது விதிதான் வலிக்கிறது. தன் முறை முடிந்து மடை அடைபட்ட தலைமடைக்காரரின் கண்ணெதிரே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அவர் அதைத் தொடக்கூடாது. ராத்திரியில் ஷட்டரைத் தூக்கிவிடுவதும், கடைமடைக்காரர்கள் சாலையில் உட்காருவதும் இந்த விதியின் கசப்பிலிருந்து பிறப்பவை. சிவகங்கை மாவட்டத்தில் ஷீல்டு, லெசிஸ், 48-ஆம் மடை, கட்டாணிபட்டி என்று நீட்டிப்புக் கால்வாய்களின் பெயர்கள் செய்தித்தாளில் வந்தால் பெரும்பாலும் தண்ணீர் கேட்டுத்தான் வரும். நீர்வளத் துறையின் லஸ்கர்களும் ஊர் நீர்பாய்ச்சிகளும் இந்தக் கசப்பின் நடுவில் நின்று முறையைக் காப்பவர்கள். எந்த மென்பொருளும் இன்றுவரை அவர்களுடைய வேலையைச் செய்ததில்லை.

கண்மாய் இந்த அமைப்பின் இருப்புக் கிடங்கு. கால்வாயில் முறை இல்லாத நாளில் வயலுக்குத் தண்ணீர் கொடுப்பது அது. தட்டுப்பாடான இடத்துக்கு முன்னால் கொஞ்சம் கையிருப்பு வைத்திரு என்று பாடப்புத்தகம் சொல்வதை நம் முன்னோர் மண்ணில் கரை போட்டு வைத்திருந்தார்கள். கண்மாய் தூர்ந்தாலோ வரத்துக் கால்வாய் அடைபட்டாலோ அந்தக் கையிருப்பு போய்விடுகிறது. பிறகு முறையில் ஒரு நாள் தவறினாலும் பயிர் வாடுகிறது. மேலூர் வட்டாரத்துக் கிரானைட் குவாரிகளின் முறைகேடுகளை விசாரிக்க 2014-இல் உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை நியமித்தபோது பேசப்பட்டது கல்லின் விலை மட்டும் அல்ல. கண்மாய்களுக்கும் ஓடைகளுக்கும் என்ன ஆனது என்பதும் அதில் பெரிய கேள்வி.

மூன்றாவது பாடம் அறுவடைக்குப் பிறகு, நெல் கொள்முதல் நிலையத்தில். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்தும் நேரடிக் கொள்முதல் நிலையங்களைத் தை, மாசியில் போய்ப் பார்த்தால் படுதா போர்த்திய நெல் குவியல்கள் வரிசையாக நிற்கும். நெல் முதலில் தூற்றும் இயந்திரத்துக்குப் போகும். ஈரப்பதம் பார்ப்பார்கள்; வழக்கமான வரம்பு 17 சதவீதம். பிறகு 40 கிலோ சிப்பமாக எடை போட்டு, சாக்கைத் தைத்து, அட்டியாக அடுக்கி, லாரி வந்தால் ஏற்றி அனுப்புவார்கள். வேலை எளிமையானதுதான். ஆனால் அறுவடைக் காலத்தில் நாள்கணக்கில் தேங்கும். மழை வந்தால் குவியல் முளைக்கும்.

ஏன் தேங்குகிறது என்பதற்கு வழக்கமான பதில்கள் மூன்று: ஆள் போதாது, அதிகாரிகள் மெத்தனம், வியாபாரிகள் புகுந்துவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கலாம். ஆனால் கணக்கு வேறொன்றையும் சொல்கிறது. ஒரு நிலையம் நாளொன்றுக்கு 1,000 சிப்பம் எடுக்கும் என்று கொள்வோம். அறுவடை இயந்திரம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கர் அறுக்கும். நாளைக்கு 8 ஏக்கர், ஏக்கருக்கு 55 சிப்பம் என்றால் ஓர் இயந்திரமே 440 சிப்பம் அனுப்புகிறது. மூன்று இயந்திரங்கள் ஒரே வாரத்தில் அந்த வட்டாரத்தில் இறங்கினால் நாளைக்கு 1,320. நிலையத்தில் யாரும் தப்பு செய்யாவிட்டாலும் தினமும் 320 சிப்பம் மிச்சம் விழும். பத்து நாளில் 3,200. கைஅரிவாளால் அறுத்துக் களத்தில் அடித்த காலத்தில் ஆள் பற்றாக்குறைதான் இடுக்கு. நெல் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. இயந்திரம் வயலில் இருந்த இடுக்கை நீக்கிக் கொள்முதல் நிலைய வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டது.

பின்னாளில் எம்.ஐ.டி. பேராசிரியரான ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இங்கே கை கொடுக்கும். வரிசையில் இருப்பதை, ஒரு நாளில் முடிப்பதால் வகுத்தால் காத்திருக்க வேண்டிய நாள் கிடைத்துவிடும். களத்தில் 6,000 சிப்பம் கிடக்கிறது, நாளைக்கு 1,000 எடுக்கிறார்கள் என்றால் இன்று வந்த விவசாயி ஆறு நாள் காவல் காக்க வேண்டும். இந்த ஒரு எண்ணை நிலைய வாசலில் கரும்பலகையில் எழுதிப் போட்டாலே பாதிப் பேர் அறுவடையைத் தள்ளிவைப்பார்கள். நிற்கும் பயிர் படுதாவுக்குள் கிடக்கும் நெல்லைவிடப் பத்திரமானது.

இன்னொரு விதி இதைவிடக் கசப்பானது. வரவு ஒழுங்கற்றிருக்கும் இடத்தில், ஒரு நிலையத்தின் திறனில் 80 சதவீதம் வேலை இருந்தால், எளிய கணக்கின்படி ஒருவர் சராசரியாகக் காத்திருக்கும் நேரம் அவருடைய வேலை முடிய எடுக்கும் நேரத்தைப் போல் 4 மடங்கு. 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19. 90-க்கு மேல் இன்னோர் ஐந்து சதவீதத்தைப் பிழிந்து எடுக்கும் நிர்வாகம் வரிசையை இரட்டிப்பாக்குகிறது. கார்த்திகையில் நிலைய ஊழியர் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார் என்று குறை சொல்கிறவர்கள், தை மாதக் குவியலுக்குத் தாங்களும் ஒரு காரணம் என்பதை உணர்வதில்லை.

எதைக் கூட்டினால் குவியல் குறையும்? இரண்டாவது எடைத்தராசு என்று உடனே சொல்லத் தோன்றும். அட்டி நிறைந்து, லாரி வராமல், கிடங்கில் இடமில்லாமல் எடை போடுவது நின்றிருந்தால் இரண்டாவது தராசு அரவிந்தின் மூன்றாவது டேபிள் போலத்தான். சாக்கு தீர்ந்த நாளில் பத்துச் சுமைப்பணியாளர்களைக் கூடுதலாக அனுப்பினாலும் பயனில்லை. ஒரே பருவத்தில் இடுக்கு ஈரப்பதத்திலிருந்து சாக்குக்கும், சாக்கிலிருந்து லாரிக்கும் நகரும். அதைத் தினமும் பார்த்து எழுதுகிற ஓர் ஆள் தேவை. அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதற்குப் பின்னால் இருக்கிறது. நெல் எப்போது வரும் என்பது மேலூர்ப் பகுதியில் ரகசியம் இல்லை. அணையில் தண்ணீர் திறந்த தேதி அரசாணையிலேயே இருக்கிறது. அந்தத் தேதியிலிருந்து நாற்றுப் பாவி, நட்டு, அறுக்க நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். செப்டம்பர் நடுவில் திறந்தால் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் அறுவடை. தண்ணீர் தள்ளிப்போன ஆண்டில் அறுவடையும் தள்ளிப்போகும். எந்தக் கிளைக் கால்வாய்க்கு எப்போது தண்ணீர் போனது என்பது நீர்வளத் துறையின் ஏட்டில் இருக்கிறது. எந்தக் கிராமத்தில் எத்தனை ஏக்கர் நடவு என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேட்டில் இருக்கிறது. உலகத்துப் பெரிய நிறுவனங்கள் அடுத்த காலாண்டில் எவ்வளவு விற்கும் என்று கணிக்கக் கோடிகளைச் செலவழிக்கின்றன. இங்கே அறுவடைக்கு மாதங்கள் முன்பே, கிளைக் கால்வாய் வாரியாக, கிராமம் வாரியாக விடை கையில் இருக்கிறது. முறைப்பாசனப் பட்டியல்தான் கொள்முதல் நிலையத்தின் வரவுப் பட்டியல். சாக்கும் லாரியும் தராசும் எந்த வாரம் எந்த நிலையத்தில் வேண்டும் என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம். வருகிற நெல்லை ஒரே வாரத்தில் குவியவிடாமல், கிராமம் கிராமமாகத் தேதி கொடுத்துச் சமப்படுத்தவும் செய்யலாம். தண்ணீருக்கு முறை வைத்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு நெல்லுக்கு முறை வைப்பது புதிதல்ல.

இதற்கு இடையூறு, மடை ஒரு துறைக்கும் தராசு இன்னொரு துறைக்கும் அடங்கல் மூன்றாவது துறைக்கும் சொந்தமாக இருப்பது. அரவிந்தில் முகாமும் அறுவை அரங்கும் லென்ஸ் ஆலையும் ஒரே கையில் இருந்ததால் தட்டுப்பாட்டைத் துரத்திக்கொண்டு ஓட முடிந்தது. அரசுத் துறைகள் ஒரே கைக்குள் வரப்போவதில்லை. ஆனால் மூன்று ஏடுகளை ஒரே மேசையில் விரித்துவைக்க அரசாணை எதுவும் தேவையில்லை. மாவட்ட ஆட்சியரின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டமே போதும்.

மதுரையிலும் சுற்றிலும் மேலாண்மைப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற தை, மாசியில் உங்கள் மாணவர்களை மேலூர்ப் பக்கத்துக் கொள்முதல் நிலையங்களுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை சிப்பம் வந்தது, எத்தனை போனது, வேலை நின்ற நேரத்தில் எதற்காக நின்றது என்று மட்டும் எழுதட்டும். அதை அந்த ஆண்டின் முறைப்பாசனப் பட்டியலோடு ஒப்பிட்டுத் தமிழில் ஓர் அறிக்கையாக எழுதி, ஒரு படியைக் குறைதீர் கூட்டத்திலும் இன்னொரு படியை விவசாயிகளிடமும் கொடுங்கள்.